பாய் பிடித்த ஐசிஸ்

ஹைதராபாத் பப்ளிக் கார்டன்ஸ் அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்ப்பது நிஜாம் காலத்தில் வந்த எகிப்து மம்மியைச் சுற்றித்தான். நல்கொண்டா மாவட்டம் அக்கன்பள்ளியில் கிடைத்த ரோமானிய தினாரியஸ் புதையலைத் தேடி வருகிறவர்கள் குறைவு. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். அகஸ்டஸ், திபேரியஸ் முகங்கள். எகிப்தும் ரோமும் ஒரே ஊரில். இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த காசைத்தான் நான் சேர்க்கிறேன்.

*

ரோமப் பேரரசர்களுக்காக அலெக்சாந்திரியாவில் அடித்தவை. முன்பக்கம் பேரரசன், பின்பக்கம் எகிப்தின் தெய்வம். செராபிஸின் தலையில் தானியம் அளக்கும் மரக்கால். ஐசிஸ், கலங்கரை விளக்கத்தின் முன்னே காற்றில் புடைத்த பாயைப் பிடித்து நிற்கிறாள். வெள்ளி என்பது பேச்சுக்குத்தான், பெரும்பகுதி செம்பு.

ஆட்சியாண்டும் பொறித்திருக்கும். எகிப்தில் புத்தாண்டு ஆகஸ்ட் 29. ஹேட்ரியன் 117ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11இல் பட்டத்துக்கு வந்தான். பதினெட்டே நாளில் அவனுக்கு இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. அவனுடைய முதலாண்டுக் காசு என்று யாராவது நீட்டினால் இருமுறை பார்க்க வேண்டும்.

*

மிளகுத் துறைமுகமான முசிறிக்கு வந்த சரக்குக் கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்தே புறப்பட்டன. ஆனாலும் இந்தக் காசு இந்திய மண்ணில் அரிதினும் அரிது. எகிப்துக்குள் நுழைந்தவன் தன் பொன்னையும் வெள்ளியையும் உள்ளூர்க் காசாக மாற்றியாக வேண்டியிருந்தது. எல்லைக்கு வெளியே அந்தச் செம்புக் கலவையை யாரும் மதிக்கவில்லை. மிளகு விற்றவன் உலோகத்தைப் பார்த்தான், சாமியைப் பார்க்கவில்லை. பேரரசன் முகத்தைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை: புதுக்கோட்டைக்கு அருகே கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் முகத்தின் குறுக்கே உளிவெட்டு.

கணக்கு மட்டும் எகிப்துக் காசில்தான். வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ் என்ற பழைய வணிக ஆவணம், ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலின் சரக்கை தாலந்து, திரக்மம் என்றே மதிப்பிடுகிறது.

*

மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பேரரசன் டயோக்ளீஷியன் எகிப்தின் இந்தத் தனிக் காசுமுறையை ஒழித்தான். அதன்பின் அலெக்சாந்திரியாவும் பேரரசின் பொதுக் காசையே அடித்தது. நான்காம் நூற்றாண்டின் அந்தச் சின்னச் செப்புக் காசுகள் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தன. அக்கசாலையின் குறியைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கலாம். பின்பக்கத்தில் குதிரையிலிருந்து விழுகிற எதிரி, ஈட்டியோடு நிற்கும் ரோம வீரர்கள். ஐசிஸ் இல்லை.