இருவினையும் சூரிய மின்சாரமும்

குளம் வெட்டுதல், கிணறு தோண்டுதல், வழிநடப்போருக்கு மடம் அமைத்தல் போன்ற பொதுப்பணிகளைப் பழைய அறநூல்கள் 'பூர்த்தம்' என்று வகுத்து, வேள்வியோடு ஒப்ப வைத்துப் போற்றின. திருகோணமலையில் இக்கருத்துக்கு உருவம் தந்தவன் குளக்கோட்டன். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தவனே கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்பது அம்மண்ணின் மரபு. அக்குளத்தின் தொடக்கத்தை அநுராதபுர மன்னர்களுக்கு உரியதாக வரலாற்றாசிரியர்கள் கொண்டாலும், நீரைத் தேக்குவதும் இறைபணியே என்ற எண்ணம் மரபில் அழியாமல் நிற்பது கவனிக்கத்தக்கது. ஆனால் 1986 ஏப்ரலில் அதே குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தனை தலைமுறை வயல்களுக்குப் பாய்ந்த நீர் அந்த இழப்பை ஈடுசெய்துவிட்டதாக எவரும் சொல்லத் துணியார்.

இக்காலப் பொறியியல் திட்டங்களோ நன்மையையும் தீமையையும் ஒரே கணக்கில் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சுவதைப் பார்க்கின்றன. ஓரிடத்தில் வெளியேறும் கரிப்புகைக்கு வேறோரிடத்தில் மரம் நட்டு ஈடுகட்டும் 'கார்பன் ஈடு' இம்முறையின் தெளிவான வடிவம். சைவ சித்தாந்தம் இக்கழித்தலை ஏற்பதில்லை. நல்வினை, தீவினை ஆகிய இரண்டும் தத்தம் பயனைத் தனித்தனியே தந்தே தீரும். நல்வினைப் பயனாகிய இன்பம் தீவினைப் பயனாகிய துன்பத்தைத் துடைத்துவிடாது. 'இருவினையொப்பு' என்ற சொல்லும் கூட்டிக் கழித்துச் சமனாக்குவதைக் குறிப்பதன்று. இரண்டின் பயனையும் பற்றின்றி ஒப்ப நோக்கும் உயிரின் நிலையையே குறிக்கிறது.

இக்கோட்பாட்டை உரசிப் பார்க்கும் கல்லாகச் சம்பூர் கிடக்கிறது. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள அவ்வூர் மக்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்தனர். அவர்கள் இல்லாத காலத்திலேயே அங்கு 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை எடுத்துச் சூடாகத் திருப்பிவிடும் அத்தகைய நிலையத்தால் குடாவின் மீன்வளம் குன்றும் என்ற அச்சம் எழுந்து, வழக்கும் தொடுக்கப்பட்டபின், 2016இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. இடையில் 2015 முதல் மக்கள் மீளக் குடியேறியபோதும், மின்நிலையத்துக்கென வகுத்த ஏறக்குறைய 500 ஏக்கர் அவர்களிடம் திரும்பவில்லை. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கான பணி தொடங்கி வைக்கப்பட்டது.

நிலக்கரியைத் தவிர்த்தது பெரும் நல்வினை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. எனினும் புகையில்லாத மின்சாரம் உழவர் இழந்த காணிக்கு விடையாகாது. சூரியத் தகடுகள் பரந்த நிலத்தை வேண்டுபவை. அவற்றைச் சுற்றி வேலி எழும்பினால், மாடுகள் மேய்ச்சலுக்குச் சென்ற தடம் அடைபடும். அத்துயரம் காற்று தூய்மையாக இருப்பதால் குறைந்துவிடாது.

வினை செய்தவரோடு, செய்வித்தவருக்கும் அதற்கு உடன்பட்டவருக்கும் பயனில் பங்குண்டு என்பதும் நம் அறமரபின் துணிபு. ஆகவே திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் களப்பை ஒட்டிய சாம்பல்தீவில் மின்விசிறியைச் சுழலவிடும் வீட்டாரும், தேசிய மின்கட்டமைப்பு வழியே, தாம் பார்த்திராத வேலியோடு தொடர்புடையவரே. சம்பூரின் காணிக் கணக்கை மின்சாரக் கணக்கோடு கலவாமல் தனியே எடுக்குமாறு கேட்கும் கடமை அவர்களுக்கும் உண்டு. உறுதியும் உத்தரவுப் பத்திரமும் போரில் தொலைத்தவர்களின் உரிமையைச் சாட்சியம் கொண்டு நிறுவி, உரிய நட்டஈட்டையோ மாற்றுக் காணியையோ வழங்கி, மேய்ச்சல் தடத்துக்கு வேலியில் வழிவிடுவது நில அளவையாளரின் வரைபடம் முடிவாகுமுன் நடந்தாக வேண்டிய வேலை.