இருப்பும் இருப்புரிமையும்

நிரந்தர வாச உரிமை பற்றிய ஒரு கவலை அண்மைக் காலமாக நம் மக்களிடையே பெருகி வருகிறது. சிங்கப்பூரிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் நிரந்தரவாசிகளாக ஏற்கப்பட்டவர்கள், பெற்றோரின் முதுமை கருதியோ, தொழிலின் தேவை கருதியோ, பிள்ளைகளின் திருமணம் கருதியோ தாயகம் திரும்புகின்றனர். ஆறு மாதம் என்று வந்தது ஈராண்டாகிறது, ஈராண்டு மூவாண்டாகிறது. அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்குகையில் உள்ளத்தில் அச்சம் புகுந்துவிடுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் கொங்குச் சீமையின் சிற்றூர்களையெல்லாம் உலகச் சந்தையோடு பிணைத்துவிட்டபடியால், ஊத்துக்குளி வட்டத்துக் குன்னத்தூர் போன்ற ஊர்களுக்கும் இக்கவலை புதிதன்று.

இத்தகையோர் முதலில் கேட்பது, “எத்தனை நாள் வெளியே இருக்கலாம்?” என்பதாகும். இதற்குரிய விடையைச் சட்டம் அறிந்தவர் தருவார். ஆனால் மார்க்கம் கற்றவர்களிடம் வருவோர் மற்றொன்றையும் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர்: “அங்கேதான் வசிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் குற்றமாகுமா?” இவ்விரண்டாவது கேள்வியே நம் சிந்தனைக்குரியது.

சட்டங்கள் கூறுவதை முதற்கண் சுருக்கமாகக் காண்போம். கனடாவின் 2001 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி, நிரந்தரவாசி ஒருவர் 5 ஆண்டுக் காலத்தில் 730 நாட்களேனும் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். இதற்குச் சில விலக்குகளும் உண்டு. பிரிட்டனில் காலவரையற்ற வாச அனுமதி பெற்றவர் தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே தங்கினால் அவ்வனுமதி பொதுவாக அற்றுப்போகிறது. அமெரிக்க நிரந்தரவாசி ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே தங்க நேருமென்று கருதினால், புறப்படுமுன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது பெரும்பாலும் 2 ஆண்டுகள் வரை செல்லும். சிங்கப்பூரிலும் நிரந்தரவாசி வெளியே சென்று திரும்ப மறுநுழைவு அனுமதி தேவை. அது இன்றி வெளியே இருப்பவர் விண்ணப்பிப்பதற்கு 180 நாள் தவணை தரும் விதி, 2025 டிசம்பர் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்துள்ளது.

ஈண்டு ஒன்றைப் பகுத்துணர வேண்டும். அட்டை வேறு, அட்டை குறிக்கும் தகுதி வேறு. அமெரிக்க அட்டை 10 ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. அதில் தேதி மீதமிருக்கும்போதே, குடியிருப்பைக் கைவிட்டவர் என்று தீர்மானிக்கப்பட்டு ஒருவர் தகுதியை இழக்கலாம். மறுபுறம், அட்டை காலாவதியான அளவில் தகுதி தானே அழிந்துவிடுவதில்லை. ஆகவே புதுப்பித்தல் பற்றிய கவலை உண்மையில் அட்டையைப் பற்றியதன்று. “நீ எங்கே வாழ்கிறாய்?” என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டி வருமே என்ற கவலை அது.

இக்கேள்வி நம் பிக்ஹு நூலோருக்குப் பழகிய கேள்வியாகும். தொழுகையைச் சுருக்குவதா, நிறைவு செய்வதா என்பதைத் தீர்மானிக்க, ஒருவர் முகீமா முஸாபிரா என்று அவர்கள் அறிய வேண்டியிருந்தது. ஹனபி மத்ஹபில் 15 நாள் தங்கும் நிய்யத்தும், ஷாபிஈ மத்ஹபில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்கும் நிய்யத்தும் ஒருவரை உள்ளூர்வாசியாக்குகின்றன. ஹனபி அறிஞர்கள் இன்னும் நுணுகிச் சென்று, நிலையான சொந்த ஊரை வதன் அஸ்லி என்றும், தற்காலிகமாகத் தங்கும் ஊரை வதன் இகாமா என்றும் பிரித்தனர். தங்கும் ஊர், அங்கிருந்து பயணம் கிளம்பியதுமே தன் தகுதியை இழந்துவிடும். சொந்த ஊரோ, வெறும் பயணத்தால் அத்தகுதியை இழப்பதில்லை. அதனை விட்டு வேறோர் ஊரைச் சொந்த ஊராக ஏற்றுக் குடிபெயர்ந்தாலன்றி அது நீங்காது. இரண்டு ஊர்களில் குடும்பம் வைத்து வாழ்பவருக்கு இரண்டு சொந்த ஊர்கள் இருக்கவும் கூடும்.

இப்பாகுபாட்டில் நாள் எண்ணிக்கையும் உண்டு, உள்ளத்தின் நாட்டமும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் பனியால் வழியடைபட்டு ஆறு மாதம் தங்க நேர்ந்தபோதும், பயணியாகவே தொழுதார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. உடல் ஆறு மாதம் ஓரிடத்தில் கிடந்தும், அவ்விடம் அவர்களுக்கு ஊராகிவிடவில்லை. இதற்கு மறுபக்கமான சான்று இன்னும் வலியது. ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டில் (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது நாயகம் (ஸல்) அவர்கள் அந்நகரில் 19 நாட்கள் தங்கித் தொழுகையைச் சுருக்கித் தொழுதார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. பிறந்த ஊர் மக்கா. வளர்ந்த ஊரும் அதுவே. இருப்பினும் மதீனாவைத் தமக்குரிய ஊராக ஏற்ற பின், பிறந்த மண்ணில் அவர்கள் பயணியாகவே நின்றார்கள். அன்பு மக்காவின் மீது எவ்வளவு இருந்தாலும், வாழ்வும் பொறுப்பும் மதீனாவில் இருந்தன. வாசம் எது என்பதை அன்பு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

நிய்யத்தைப் பாராமல் நாட்களை மட்டும் எண்ணும் சட்டம் எத்தகைய கொடுமையில் முடியும் என்பதைத் தமிழ் மக்கள் அனுபவத்தில் கண்டிருக்கின்றனர். இலங்கை விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே, அங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமைச் சட்டத்தின் வெளியே நிறுத்தப்பட்டனர். மறு ஆண்டில், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன்பு மணமாகாதவர் 10 ஆண்டும், மணமானவர் 7 ஆண்டும் இடையறாது அத்தீவில் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை வெளியே சென்றவர் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுபட்டதாகக் கொள்ளப்படும். மனைவியும் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது.

தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறி ஊருக்கு வந்து, தகப்பனின் நோய்க்குப் பணிவிடை செய்தோ, தங்கையின் திருமணத்தை முடித்தோ, கடன் தீர்த்தோ திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பன்னிரண்டு மாதம் எங்கே தெரியப் போகிறது? மனைவி மக்களைக் கடற்கரை ஊர்களில் விட்டுவிட்டுக் கொழும்பில் கடை நடத்திய நம் வணிகர்களுக்கும் அந்நிபந்தனை இடையூறாகவே நின்றது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பொருட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. 1960-களின் தொடக்கம் வரையில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர்தாம். எஞ்சியோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. நீலகிரியில் 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், அவ்வாறு வந்திறங்கியோருக்கு வாழ்வளிக்க எழுந்ததேயாகும்.

அந்தத் தவறு திருத்தம் பெற ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. பின்னர் 2009-இல் வந்த திருத்தம், போரால் விரட்டப்பட்டு இந்தியாவில் தஞ்சம் புகுந்தவர்களுக்கு அந்த வாச நிபந்தனையைத் தளர்த்தியது. அதாவது, தன் விருப்பால் போனவனும் போக நேர்ந்தவனும் ஒன்றல்லர் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அமெரிக்கச் சட்டத்திலும் இவ்வறிவு உண்டு. திரும்பும் எண்ணத்தோடு புறப்பட்டு, தம் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் நெடுநாள் தங்க நேர்ந்தவர், திரும்பும் வாசி என்ற முறையில் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். கனடாவும் மனிதாபிமானக் காரணங்களைக் கருத்தில் கொள்கிறது. இவையெல்லாம் நிய்யத்துக்கு இடம் தரும் வாயில்கள்.

இதுவரை கூறியது ஒரு பக்க நியாயம். மறு பக்கத்தையும் பேசுவதே நீதி. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கு அது உரியதாகும் என்பது நம் சட்டத்தின் பிரசித்தமான விதி. ஆனால் உழாமலும் விதைக்காமலும் நான்கு மூலையிலும் கல் நட்டு எல்லையிட்டுப் போனவனின் நிலை என்ன? அதற்குத் தஹ்ஜீர் என்று பெயர். மூன்று ஆண்டு கடந்தும் நிலத்தை உயிர்ப்பிக்காதவனுக்கு அதன்மேல் உரிமை இல்லை என்பது கலீபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக நூல்களில் வந்துள்ளது. கல் நட்டவன் தானும் பயிரிடவில்லை; பயிரிட வருபவனையும் தடுக்கிறான். வாச உரிமை முழுவதும் நிலத்தைப் போன்றதன்று. ஒருவர் வராமையால் மற்றொருவரின் இடம் நேராகப் பறிபோவதில்லை. எனினும் அமெரிக்காவைப் போல் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு கட்டி, ஒரு நாட்டவருக்கு நூற்றுக்கு ஏழு என்று பங்கு வைக்கும் இடத்தில், ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்போரில் நம் நாட்டவரே மிகப் பலர். அங்கே குடியேறும் நாட்டம் சிறிதும் இல்லாமல் அட்டையை மட்டும் காத்து வைத்திருப்பவர், அவ்வரிசையை ஒருமுறையேனும் நினைத்துப் பார்ப்பது நன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைச் சோதிப்போம். குன்னத்தூரிலிருந்து கனடா சென்று நிரந்தரவாசியான ஒருவர், 500 நாட்கள் அங்கே வாழ்ந்தார் என்று கொள்வோம். ஊரில் தாய்க்குப் பக்கவாதம் கண்டது. வேறு பிள்ளைகள் இல்லாமையால் திரும்பி வந்தார். பணிவிடையில் 1,095 நாட்கள் கழிந்தன. ஐந்தாண்டு நிறைவுக்கு மீதியுள்ளவை 230 நாட்கள். இன்றே புறப்பட்டால் 730 நாட்கள் சரியாக நிறையும். இனித் தாயின் கட்டிலருகே கழியும் ஒவ்வொரு நாளும் அக்கணக்கில் ஒரு நாளைக் குறைக்கும். அவர் என்ன செய்வார்?

அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. தாயை விட்டுப் போகலாம். தாயோடு இருந்துகொண்டே அங்கே இருந்ததாக எழுதலாம். தாயோடு இருந்து, இருந்த உண்மையையே எழுதி, வருவதை ஏற்கலாம். முதல் வழியை மார்க்கமும் ஏற்காது, மனிதத் தன்மையும் ஏற்காது. இரண்டாவது வழிக்குத்தான் நம்மவர் பலர் சமாதானம் தேடுகின்றனர். எல்லாரும் செய்கிறார்கள் என்கின்றனர். யாருக்கும் நட்டமில்லை என்கின்றனர். அந்நிய நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துமா என்றும் கேட்கின்றனர்.

கட்டுப்படுத்தும் என்பதே நம் இமாம்களின் தெளிவான நிலை. பாதுகாப்பு வாக்குப் பெற்று வேற்று நாட்டில் நுழைந்தவன், அந்நாட்டாரை வஞ்சித்தல் கூடாது என்று அவர்கள் விதித்தனர். அவர்கள் அவனுக்கு அபயம் தந்தது, அவன் வஞ்சிக்க மாட்டான் என்ற நம்பிக்கையின் பேரில்தான். அந்நம்பிக்கை வாய்விட்டுக் கூறப்படாவிடினும் ஒப்பந்தமேயாகும். இன்று நாம் பெறும் விசாவும் வாச அனுமதியும் அந்த வாக்கின் இக்கால வடிவங்கள். விண்ணப்பத்தில் இடும் கையெழுத்து ஷஹாதத் போன்ற சாட்சியம். நாள் ஒன்றுக்காயினும் பொய் பொய்யே. இவையனைத்துக்கும் மேலாக, தாய்க்குச் செய்த தூய பணிவிடையை, தாம் செய்யவே இல்லை என்று எழுதி மறைப்பது எவ்வளவு அவலம்! தம் வாழ்வின் மிகச் சிறந்த மூன்று ஆண்டுகளைத் தம் கையாலேயே அழிப்பதன்றோ அது?

எனவே மூன்றாம் வழியே வழி. அதுவும் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் வழியன்று. தாயின் மருத்துவச் சான்றுகளைத் தேதி வாரியாகச் சேர்த்து வைக்கலாம். அங்கே செலுத்திய வரி, வைத்திருந்த வீடு, விட்டு வந்த வேலை ஆகியவற்றின் ஆவணங்களைப் பேணலாம். நெடுநாள் தங்க நேருமென்று தெரிந்த உடனேயே சட்டம் அறிந்தவரைக் கலந்து, மனிதாபிமானக் காரணத்தை முன்வைக்கலாம். இவ்வளவும் செய்த பின்னும் உரிமை போகுமானால், அது கடமைக்குக் கொடுத்த விலை. அவ்விலை சிறிதன்று, ஆண்டுகளின் உழைப்பும் பிள்ளைகளின் எதிர்காலமும் அதில் அடங்கும். ஆனால் தெரிந்து கொடுத்த விலையாதலால், அதைப் பற்றி அவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

திருப்பூரில் கம்பெனி, இங்கே வீடு, இங்கே பிள்ளைகளின் பள்ளி என்று வைத்துக்கொண்டு, முத்திரைக்காக மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பறந்து செல்பவரின் நிலை வேறு. சட்டம் இடம் தரும் அளவுக்குள், எதையும் மறைக்காமல் அவர் அவ்வாறு செய்தால் அதைக் குற்றம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் அதிகாரி “உமது நிலையான இல்லம் எது?” என்று கேட்கும் நாளில், உள்ளமும் நாவும் ஒரே ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல இயலாதென்றால், அட்டையைத் தாமே திருப்பிக் கொடுப்பது மரியாதை. அதற்கும் சட்டத்தில் முறை உண்டு.

நமக்கு வேண்டும் என்று கேட்கும் நியாயத்தைப் பிறருக்கும் நாம் தருகிறோமா என்பதும் எண்ணத்தக்கது. பின்னலாடை வட்டாரத்து ஆலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் பாடுபடுகின்றனர். பண்டிகைக்கும் அறுவடைக்கும் ஊர் சென்று அவர்கள் திரும்பும்போது, “இவர்கள் இங்கத்தியர் அல்லர்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1950 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு இதில் நம்மினும் நிதானமானது. ஓர் ஊரில் வீடு இருப்பதால் மட்டுமே ஒருவர் அவ்வூரின் சாதாரண வாசியாகிவிடார் என்றும், தற்காலிகமாக வெளியே செல்வதால் மட்டுமே வாசியாக இருப்பது நீங்கிவிடாது என்றும் அது இரு பக்கமும் கூறுகிறது. கனடாவின் அதிகாரி நம் பிள்ளையிடம் காட்ட வேண்டுமென்று நாம் விரும்பும் பரிவை, குன்னத்தூரில் வாடகை வீடு கேட்டு நிற்கும் பீகாரிப் பையனிடம் நாம் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவாகக் கூறத்தக்கது இதுவே. நாளை எண்ணுவது அரசின் வேலை. எண்ணாமல் அதற்கு வேறு வழியில்லை. எண்ணும்போது, நேர்ந்த காரணத்தையும் கேட்பது அதன் கடமை. காரணத்தை உள்ளபடி சொல்வது நம் கடமை. அரசு கேட்க மறுத்த இடத்தில் நாம் உரிமையை இழக்கலாம்; சொல்ல மறுத்த இடத்தில் அமானத்தை இழப்போம். உரிமையை மீட்க மேல்முறையீடு உண்டு, வேறு வாய்ப்புகளும் உண்டு. அமானத்தை இழந்தவனுக்கு எந்த அலுவலகமும் அதைப் புதுப்பித்துக் கொடுப்பதில்லை.