கருணையும் சோதனையும்

புதிய நோயொன்று பரவுங்கால், பலன் தருமென்று உறுதிப்படாத மருந்தைச் சாகுந் தறுவாயிலுள்ளவருக்குக் கொடுப்பது கருணையா? அன்றி, ஒரு சாராருக்குக் கொடுத்தும் மற்றொரு சாராருக்குக் கொடாமலும் பார்த்தறிவதுதான் கருணையா? இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று.

2021 மே மாதம் மார்டள்ளியில் ஒரு குடியானவர் நம்மிடம் வந்தார். அவர் மனைவியார் கொரோனா கண்டு சுவாசக் கருவியில் கிடந்தார். “ரெம்டெசிவிர் ஊசி கள்ளச் சந்தையில்தான் கிடைக்கிறதாம், கறவை மாடுகளை விற்கட்டுமா ஐயா?” என்றார். “உயிரினும் மாடு பெரிதா? விற்றுவிடுங்கள்” என்றோம். விற்றார். அம்மையார் பிழைக்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய சோதனையோ, அம்மருந்து மருத்துவமனை நோயாளிகளின் மரணத்தைக் குறைப்பதாய்த் தெரியவில்லையென 2020 அக்டோபரிலேயே அறிவித்திருந்தது. கேள்விப்பட்டதை அப்படியே கொள்ளலாகாதென்று காலாமருக்குப் பகவன் உரைத்ததை எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறோம். நம் வாசலில் ஒருவர் அழுது நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

பிற நோய்க்கான பழைய மருந்துகள் பலவும் அந்நாளில் எடுத்தாளப்பட்டன. மலேரியாவுக்குரிய ஹைட்ராக்சிகுளோரோகுயினை நோய் வராமற் காக்க உட்கொள்ளுமாறு நம் நாட்டு மருத்துவ ஊழியருக்கு 2020 மார்ச்சில் பரிந்துரைத்தனர். மருத்துவமனை நோயாளிகளின் உயிரை அது காக்கவில்லையென்று அவ்வாண்டு ஜூனில் பிரிட்டனின் ரெகவரி சோதனை காட்டிற்று. அதே சோதனைதான் மலிவான டெக்ஸாமெத்தசோனின் பயனையும் காட்டிற்று. 2104 பேருக்கு அதைக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4321 பேரோடு ஒப்பிட்டனர். சுவாசக் கருவியிலிருந்தோரில் மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. பிராணவாயு தேவைப்படாதவருக்கோ பயனில்லை.

அந்த 4321 பேரைக் கைவிட்டார்களா? நூல் மில்லில் நாம் வேலைசெய்த காலத்தில், புதுப் பஞ்சுக் கலவை வந்தால் ஒரு பிரேமில் புதியதையும் பக்கத்துப் பிரேமில் பழையதையும் ஒரே ஷிப்டில் ஓட்டி, அறுந்த இழைகளை எண்ணுவோம். எல்லாவற்றிலும் புதியதையே ஓட்டினால் இழையை அறுத்தது பஞ்சா, அன்றைய காற்றா என்று எவர் சொல்வார்? கொடுத்தால் நன்மையா தீமையா என்று எவரும் அறியாத மருந்தைக் கொடாதிருப்பது வஞ்சனையாகாது.

மனிதன் நூலிழையல்லனே எனலாம். மெய்தான், ஆதலால் அவன் அறிந்து சம்மதிக்க வேண்டும். கோவிஷீல்டுத் தடுப்பூசியை நம் நாட்டில் 1600 பேரிடம் சோதித்தபோது, மைசூர் ஜே.எஸ்.எஸ். நிறுவனமும் சோதனையிடங்களில் ஒன்று. நோயற்றவர்கள் தாமே முன்வந்தனர். தடுப்பூசியா, வெறும் ஊசியா என்றறியாமலே பலர் கைநீட்டினர். இதனினும் பெரிய தானம் நாம் அதிகம் கண்டதில்லை. கோவாக்சினுக்கோ, அதன் 25,800 பேர் சோதனை முடியுமுன்பே, 2021 ஜனவரி 3-இல் அவசர அனுமதி தந்தனர். பின்னர் 77.8 சதவீதம் பலன் தெரிந்தது, மகிழ்ச்சியே. ஆயினும் அன்று “முடிவு எங்கே?” என்று கேட்டவர்களைத் தேசத் துரோகிகளென்று சிலர் ஏசியது நமக்கு உடன்பாடன்று.

அக்குடியானவரைச் சந்தையில் இன்றும் காண்கிறோம். “மாட்டை விற்றது தப்பில்லையே ஐயா?” என்று ஒருமுறை கேட்டார். “உங்கள் மேல் தப்பில்லை, விசாரியாமற் சொன்னது நாம்” என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் புல்லுக்கட்டைத் தலையிலேற்றிக்கொண்டு நடந்தார்.