செலவை மறைப்பது அன்பாகுமா?

பிள்ளையின் படிப்புக்கு ஆகும் செலவைப் பிள்ளைக்கே தெரியாமல் மறைப்பது பெற்றோரின் பெருந்தன்மை என்று நம்மவர் நெடுங்காலமாகக் கருதி வருகின்றனர். "உனக்கேன் அந்தக் கவலை? நீ படி, பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தந்தை கூறும் சொல்லில் அன்பு உண்டு. வாய்மையும் உண்டா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

நெய்வேலி நகரியத்தைக் கருதுவோம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் எழுந்த இவ்வூரில், வட்டம் வட்டமாக அமைந்த குடியிருப்புகள் நிறுவனத்திற்கு உரியவை. பணி நிறைவுற்றால் வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். வைப்பு நிதியும் பணிக்கொடையுமே பின்னாளில் கூரையும் மருந்தும் ஆகவேண்டிய பொருள். இளைய பிள்ளை கல்லூரி வாயிலில் நிற்கும் காலமும், தந்தை பணி நிறைவை எண்ணும் காலமும் பல இல்லங்களில் ஒன்றாகவே வருகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் இல்லங்களிலும், சுரங்கத்திற்கு நிலம் தந்த சிற்றூர்களிலும் நெருக்கடி இதனினும் பெரிது.

இந்நிலையை அறியாத பிள்ளை, தோழர் பேச்சைக் கேட்டுத் தொலைவிலுள்ள தனியார் கல்லூரியை விரும்புகிறான். நகரியத்திலேயே ஜவகர் அறிவியல் கல்லூரி உண்டு. விருத்தாசலத்திலும் கடலூரிலும் அரசு கலைக்கல்லூரிகள் உண்டு. சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உண்டு. வீட்டுச் சோறுண்டு சென்று வரக்கூடிய இவற்றை அவன் எண்ணிப் பார்ப்பதேயில்லை. எண்ணுவதற்குரிய காரணத்தை நாம்தாம் அவனிடமிருந்து மறைத்துவிட்டோமே!

உண்மையைச் சொன்னால் பிள்ளையின் ஊக்கம் குன்றாதா என்பர் சிலர். அச்சம் நியாயமானதே. ஆயினும் உண்மையைச் சொல்வது வேறு, மறுத்துரைப்பது வேறு. கல்விக் கட்டணம், விடுதியும் உணவும், நூல்கள், பயணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, முதலாண்டுக்கு மட்டுமன்றிப் படிப்பின் எல்லா ஆண்டுகளுக்கும் கூட்டுதல் வேண்டும். எதிர்ப்புறம் கையிருப்பையும் அரசின் உதவிகளையும் எழுதுதல் வேண்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, ஒற்றைச் சாளர முறையில் சேருங்கால் கட்டணச் சலுகை உண்டு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு, 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கிருந்து எழுதிய தாள் ஊக்கத்தைக் கெடுப்பதில்லை, அதற்கு வழிகாட்டுகிறது.

கல்விக் கடனையும் நோக்குக. அது மாணவன் பெயரிலேயே வழங்கப்படுகிறது. பெற்றோர் உடன் கையொப்பமிடுகின்றனர். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறுகிறது. சுமை இன்னதென்று அறிவிக்காமல் ஒருவனைக் கையொப்பமிடச் செய்வதை அன்பு என்று எவ்வாறு கூறுவது? சிலர் இதனினும் இழிந்து, மறைவில் பணம் கொடுத்து இடம் பெறுகின்றனர். தலைக்கட்டணம் வாங்குவதைத் தமிழகச் சட்டம் 1992இலேயே தடுத்தது. அதற்கு 'நன்கொடை' என்று பெயர் சூட்டுதல், உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என நால்வகைக் கொடையைப் போற்றும் நமக்கு நாணத் தக்கதாகும்.

ஒரு மறைப்பு மற்றொன்றை ஈனும். தன்பொருட்டுப் பெற்றோர் எதையோ இழந்தனர் என்று பாதி வழியில் உய்த்துணரும் மாணவன், தேறாத தாள்களை வீட்டிற்குச் சொல்ல அஞ்சுகிறான். விடுதியில் தனித்திருந்து வருந்துகிறான். பாடம் பிடிக்கவில்லை என்பதையும் விழுங்கிக்கொள்கிறான். தொடக்கத்தில் பெற்றோர் மெய் பேசியிருப்பின், அவனுக்கும் மெய் பேசும் துணிவு வந்திருக்கும்.

இதில் அயலார்க்கும் கடமை உண்டு. விண்ணப்பம் நிரப்பவும், கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்து வரிசைப்படுத்தவும், வங்கியில் கேட்பன கேட்கவும் அறிந்தோர் நம்மிடையே பலர் உளர். அறியாத ஒரு குடும்பத்துடன் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர்தம் கணக்கை அவரோடு எழுதுவதும் கல்விக் கொடையே. அதற்குப் பொருள் வேண்டா. பொறுமையும், கேட்டதைப் பிறரிடம் உரைக்காத அடக்கமுமே வேண்டும்.

தேர்வு முடிவுகள் வருமுன்பே, இல்லந்தோறும் அத்தாள் எழுதப்படுவதாக. அதில் முதல் வரியைப் பிள்ளையே எழுதட்டும்.