பச்சிளங்குழந்தைக்கும் ஓர் இலை

கைக்குழந்தையோடு வெளியூர் செல்லும் குடும்பத்தார் வழியில் உள்ள உணவகங்களில் அமர்ந்து உண்ண நேரும்போது எழும் தயக்கங்கள் பெரும்பாலும் நடைமுறைத் தயக்கங்களாகவே பேசப்படுகின்றன. தண்ணீர் கொதிக்க வைத்ததா, குழந்தைக்குக் கொடுக்கும்படியாக ஏதேனும் கிடைக்குமா, அழத் தொடங்கினால் பக்கத்து மேசைக்காரர்கள் முகம் சுளிப்பார்களா என்பவை அவற்றுள் சில. இத்தயக்கங்களின் அடியில், சமய மரபுகள் பலவும் நெடுங்காலம் ஆராய்ந்து வந்த ஒரு வினா இருக்கிறது. பலர் கூடி உண்ணும் இடத்தில் ஒருவருக்கு இடம் பெற்றுத் தருவது அவருடைய அறிவா, ஒழுக்கமா, விலை கொடுக்கும் ஆற்றலா, அல்லது பசி ஒன்றேயா என்பதே அவ்வினா. வளர்ந்தவர்களிடம் இந்நான்கும் கலந்தே காணப்படுவதால் அவர்களை வைத்து இதற்கு விடை காண்பது அரிது. முதல் மூன்றும் சிறிதும் இல்லாமல் நான்காவதை மட்டுமே கொண்டு பந்திக்கு வருகிற குழந்தையிடத்தில்தான் வினா தெளிவாகிறது.

தமிழ்ச் சைவ மரபில், வீட்டுக்கு வெளியே ஒரு குழந்தை உணவு பெற்ற நிகழ்ச்சிகளுள் மிகவும் புகழ்பெற்றது சீர்காழிக் குளக்கரையில் நடந்ததாகும். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தை இயற்றிய சேக்கிழார், மூன்று வயதுக் குழந்தையான சம்பந்தர் தந்தை சிவபாத இருதயரைத் தொடர்ந்து குளத்துக்குச் சென்றதையும், தந்தை நீரில் மூழ்கி மறைந்த நேரத்தில் குழந்தை தோணிபுரமாகிய சீர்காழிக் கோயிலை நோக்கி அழுததையும், உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கறந்து ஊட்டியதையும் விரித்துரைக்கிறார். இந்தக் கதையில் பலரும் விரைந்து கடந்துபோகும் இடம் அதன் அடுத்த பகுதியே. நீராடிக் கரையேறிய தந்தை குழந்தையின் வாயில் பால் வழிவதைக் கண்டு மகிழவில்லை. கையில் ஒரு சிறு கோலை எடுத்து ஓங்கி, யார் கொடுத்ததை உண்டாய், எச்சில் கலக்கும்படி இதை உனக்கு இட்டவரைக் காட்டு என்று அதட்டுகிறார். எச்சில் என்பது இங்கு வெறும் உமிழ்நீரைக் குறிக்கவில்லை. ஒருவர் வாய்பட்ட உணவு மற்றொருவரைச் சேர்வதால் உண்டாகும் தூய்மைக் குறைவைப் பற்றிய, சாதி எல்லைகளோடு பின்னிப் பிணைந்த ஒரு முழு விதித்தொகுதியையே அச்சொல் சுட்டுகிறது. அன்பில்லாத தந்தையாகச் சேக்கிழார் அவரைக் காட்டவில்லை. பிறர் கையால் தன் பிள்ளை உண்டுவிட்டதே என்று பதறும் பெற்றோரின் அச்சமே அங்கே கோலாக ஓங்கி நிற்கிறது. தெரியாத சமையலறையிலிருந்து வந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊட்டுவதா வேண்டாமா என்று தயங்கும் இன்றைய தாய்க்கும் அந்த அச்சம் புதிதன்று.

அந்த அச்சத்துக்குப் புராணம் தரும் விடை சமய நோக்கில் மிக ஆழமானது. குழந்தைக்கு முதலில் ஞானம் உதித்து, அதன் தகுதியால் பால் கிடைத்தது என்று சேக்கிழார் கூறவில்லை. சிவஞானம் பாலிலேயே குழைத்துத் தரப்பட்டது என்கிறார். உணவு முன்னே வருகிறது, அறிவு அதனோடு சேர்ந்து வருகிறது, தந்தைக்கு விடையாகக் குழந்தை வாய்திறந்து பாடுவது அதற்குப் பின்பே நிகழ்கிறது. சைவ சித்தாந்தம் பயின்றோர் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். உயிரைப் பிணித்திருக்கும் ஆணவம் முதலிய மலங்கள் நீங்கும் பக்குவத்தை அடைதலாகிய மலபரிபாகம் வாய்த்த பின்னரே திருவருள் பதிவதாகிய சத்திநிபாதம் நிகழும் என்பது அவர்கள் கொள்கையாதலால், சம்பந்தர் முன்னரே பக்குவம் எய்திய உயிர் என்றும், பிற குழந்தைகளுக்கு அவரைச் சான்று காட்டுதல் பொருந்தாது என்றும் அவர்கள் சொல்லலாம். சேக்கிழாரும் திருவடியைப் பிரிந்த முன்னை உணர்வு எழுந்ததாலேயே குழந்தை அழுததாகக் கூறுவதால், தடை வலுவுடையதே. ஆயினும் மக்களின் வழிபாடு இக்கதையை வேறு வகையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மக்கள் நினைவில் சம்பந்தர் பசித்தழுத பிள்ளை. சித்திரை மாதத்தில் சீர்காழியில் நடைபெறும் திருமுலைப்பால் விழாவுக்குக் குழந்தைகளோடு வரும் தாய்மார் தத்தம் பிள்ளைகளின் பக்குவத்தை அளந்து பார்த்து வருவதில்லை. ஒரு பேருயிரின் வரலாற்றை எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய உறுதிமொழியாக அவர்கள் மாற்றிக்கொண்டது கோட்பாட்டுப் பிழையன்று. கோட்பாடு எட்டத் தவறிய ஓர் உண்மையை அவர்கள் எட்டினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

தூய்மை விதிகளை வகுத்த நூல்களே குழந்தையை அவ்விதிகளுக்கு வெளியே நிறுத்தின என்பதும் கருதத்தக்கது. கௌதம தரும சூத்திரம், பூணூல் சடங்காகிய உபநயனத்துக்கு முற்பட்ட பிள்ளை விரும்பியபடி நடக்கலாம், பேசலாம், உண்ணலாம் என்று விடுதலை அளிக்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இல்லத்தில் உணவிடும் வரிசையைச் சொல்லும்போது குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், நோயுற்றோர் ஆகியோரையும் விருந்தினரையும் பணியாட்களையும் உண்பித்த பிறகு, எஞ்சியதைக் கணவனும் மனைவியும் உண்ண வேண்டும் என்கிறது. இந்நூல்கள் வருண ஏற்றத்தாழ்வைக் காத்தவை என்பதையும், முதலில் சொன்ன விடுதலை மேல் வருணத்துச் சிறுவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருப்பினும், மனிதரை மனிதரோடு உண்ண விடாமல் தடுத்த விதி குழந்தையின் வாயருகே வந்தவுடன் செயலற்றுப் போயிற்று என்றால், அது இயற்கையின் விதியன்று, வளர்ந்தவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட வேலி என்பதை அந்நூல்களே ஒப்புக்கொண்டதாகிறது.

கிறித்தவ மரபில் இதே வினா திருப்பலி விருந்தைச் சுற்றி எழுந்தது. அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் பெறப்படுகிற நற்கருணையைக் கீழைத் திருச்சபைகள் திருமுழுக்குப் பெற்ற பச்சிளங்குழந்தைக்கும் அளிக்கின்றன. கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையிலும் இவ்வழக்கம் இன்றுவரை உண்டு. மேலைத் திருச்சபையிலும் தொடக்க நூற்றாண்டுகளில் இருந்த இவ்வழக்கம் பின்னர் மறைந்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் நன்மை தீமை பகுத்தறியும் வயதோடு நற்கருணைக் கடமையை இணைத்தது. அவ்வயது ஏறத்தாழ ஏழு என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை தெளிவுபடுத்தியது. எதை உண்கிறோம் என்று அறிந்தே உண்ண வேண்டும் என்னும் மேலை நிலைப்பாட்டில் உணவின் மீதான மதிப்பு இருக்கிறது. ஆயினும், அறிதல் அருளுக்கு நிபந்தனையானால் மூளை வளர்ச்சி குன்றியவரும் நினைவிழந்த முதியவரும் எங்கே அமர்வது என்னும் கேள்விக்கு அந்நிலைப்பாட்டை விடக் கீழை வழக்கம் நேரான விடை தருகிறது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

குழந்தையின் பசியையே ஐயத்தோடு நோக்கிய சிந்தனையாளரும் இருந்தனர். 4ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் முதற்பகுதியில், தாய்ப்பாலுக்காகத் தாம் அழுததும் ஒரு பாவமோ என்று வினவுகிறார். தன்னோடு பால் குடிக்கும் மற்றொரு குழந்தையை முகம் வெளிறப் பொறாமையோடு பார்த்த பிள்ளையைத் தாமே கண்டதாகவும் எழுதுகிறார். அவருடைய கூர்ந்த பார்வை போற்றத்தக்கது; முடிவு ஏற்கத்தக்கதன்று. கேட்பதற்கு அழுகையைத் தவிர வேறு மொழி இல்லாத உயிரின் அழுகையைப் பேராசை எனக் கொள்வது, வளர்ந்தவரின் மனத்தை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பதாகும்.

அழுகை பிறருடைய அமைதியைக் குலைக்கும்போது செய்ய வேண்டியது என்ன என்பதற்கு இசுலாமிய மரபு மிகத் தெளிவான முன்னுதாரணம் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. நபிகள் நாயகம் கூட்டுத் தொழுகையை நீண்ட நேரம் நடத்தும் எண்ணத்தோடு தொடங்கிவிட்டு, குழந்தை ஒன்று அழும் ஒலி கேட்டால், அதன் தாய்க்கு உண்டாகும் மன வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார் என்பது புகாரி தொகுத்த ஹதீஸ்களுள், அதாவது நபியின் சொல்லையும் செயலையும் பதிவு செய்யும் செய்திகளுள், இடம்பெற்றிருக்கிறது. குழந்தையோடு வந்தவளை வெளியே போகச் சொல்லவில்லை. சபை தன்னைச் சுருக்கிக்கொண்டது. ரமலான் நோன்பிலும், பயணத்தில் இருப்பவருக்குக் குர்ஆனே சலுகை தருகிறது. பாலூட்டும் தாய்க்குச் சட்ட அறிஞர்கள் சலுகை தருகிறார்கள். விட்ட நோன்பை அவள் எவ்வாறு ஈடுசெய்வது என்பதில் சட்டப் பள்ளிகளிடையே வேறுபாடு உண்டே தவிர, அவள் உண்ணலாம் என்பதில் வேறுபாடு இல்லை.

இன்றைய உணவகம் தொழுகைக் கூடமும் அன்று, இல்லமும் அன்று. விலை கொடுத்து இடம் பெறும் ஒப்பந்தமே அதன் அடிப்படை. அயலாருக்கு எல்லா நாட்டிலும் பகையின்றி வந்துபோகும் உரிமை மட்டுமே உண்டு, விருந்தினராக உபசரிக்கப்படும் உரிமைக்குத் தனி உடன்பாடு வேண்டும் என்று 1795இல் மெய்யியலாளர் காண்ட் எழுதினார். உடன்பாடு செய்ய இயலாத குழந்தை இவ்வகைச் சிந்தனையில் பெற்றோரின் கைப்பொருள் போல ஆகிவிடுகிறது. தென் கொரியாவில் சிறுவர்களுக்கு அனுமதியில்லை என்று அறிவிக்கும் உணவகங்கள் பெருகியது இதன் தொடர்ச்சியாகும்; 13 வயதுக்கு உட்பட்டோரைத் தடுத்த ஓர் உணவகத்தின் செயல் பாகுபாடே என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2017இல் கருத்துரைத்தது. இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, பொது உணவகங்களில் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்கிறது. ஒரு காலத்தில் சாதி பார்த்து இலை போட்ட ஓட்டல்கள் இருந்த நாட்டில் அது பெரும் வெற்றி. அப்பட்டியலில் வயது இல்லை. தமிழகத்திலோ அந்தக் குறையைச் சட்டத்தைவிட வழக்கமே நிரப்பி வருகிறது. குழந்தையைக் கண்ட சர்வர் கேட்காமலேயே டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பதும், அம்மா இட்லியின் மேற்புறத்தை நீக்கி உள்ளே உள்ள மெதுவான பகுதியை அந்நீரில் விரலால் மசித்து ஊட்டுவதும், சட்னி வாளியைக் குழந்தையின் கை எட்டாத பக்கமாக சர்வர் மாற்றிப் பிடிப்பதும் எந்த விலைப்பட்டியலிலும் எழுதப்படாத செயல்கள்.

பிள்ளை கையளைந்த உணவைப் பெற்றோர் இன்பமாகக் கொள்வதைத் திருக்குறளும், பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் பாடலும் போற்றுகின்றன. அவ்விரண்டும் தம் மக்களைப் பற்றியவை. அடுத்த மேசையில் சோற்றை வாரி இறைப்பது பிறர் பிள்ளையாக இருக்கும்போதும் அந்த இன்பத்தில் ஒரு பங்கையேனும் உணர முடியுமா என்பதுதான் உணவகம் ஒவ்வொருவருக்கும் வைக்கும் சோதனை. பெற்றோருக்கும் கடமை உண்டு. உறங்கும் நேரம் கடந்து குழந்தையைப் பந்தியில் உட்கார வைப்பதும், தம் ஆசைக்காகக் காரமும் இனிப்பும் அதன் நாவில் தடவிப் பார்ப்பதும், அது எழுப்பும் துன்பத்தைப் பிறர் பொறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையாகா. கிருஹ்ய சூத்திரங்கள் அன்னப்பிராசனம் எனப்படும் முதற் சோறூட்டலுக்கு ஆறாம் மாதத்தைக் குறித்தன. இன்றைய மருத்துவமும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது. குருவாயூருக்குச் சென்று கோயிலிலேயே பிள்ளைக்கு முதற்சோறு ஊட்டும் குடும்பங்கள், அந்தச் சோற்றை வீட்டுக்கு வெளியே, பலர் பார்க்க, தெய்வத்தின் முன்னிலையில் கொடுக்கத் தேர்ந்தெடுக்கின்றன. குழந்தை உலகத்தாரின் பந்தியில் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அறிவிப்பு வேறில்லை. ஆனால் கோயிலில் ஊட்டப்படுவது சில பருக்கைகளே என்பதையும், தேன் தொட்டு வைக்கும் பழக்கம் ஒரு வயது நிறைவதற்குள் தீங்கு விளைக்கக்கூடும் என மருத்துவர்கள் எச்சரிப்பதையும் பெற்றோர் மறக்கலாகாது.

எஞ்சி நிற்பது தாயின் இலை. பயணத்தில் குடும்பம் உண்ண அமரும்போது கணவரும் மற்றவர்களும் சூடாக உண்டு முடிக்கும் வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உலாவுபவள் பெரும்பாலும் தாயே. அவள் அமரும்போது நெய் உறைந்து, அப்பளம் நமத்துப் போயிருக்கும். யாக்ஞவல்கியர் எஞ்சியதை உண்ணும் கடமையைக் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே வைத்தார் என்பதை வழக்கம் மறந்துவிட்டது. பாலூட்டுவதால் அவளுக்குப் பசியும் மிகுதி; இசுலாமியச் சட்டம் அவளுக்கு நோன்பிலிருந்து சலுகை தந்ததும் நோன்பால் அவளுக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரலாம் என்பதை எண்ணியே. ஆகவே, கைக்குழந்தையோடு உணவகத்துக்குள் நுழையும் தந்தையர் முதல் இலையை அவளுக்கு விட்டுக்கொடுத்து, குழந்தையைத் தாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.