யானையை ஏன் அழைத்தாய்?

சங்கரன்கோவிலில் சிறியதொரு நாடகக் குழு இருக்கிறது. பதினோரு பேர். அவர்களில் நால்வர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள்; ஒருவர் பூச்சந்தையில் கணக்கு எழுதுகிறவர்; மற்றவர்கள் மாணவர்கள். சொந்தமாக ஒரு திரைச்சீலை உண்டு, ஒலிபெருக்கி இரவல். ஆண்டுவிழாவுக்கு எந்த நாடகம் என்ற பேச்சு எழுந்தபோது, "வள்ளி திருமணத்தை நையாண்டி செய்வோம், ஊரே வயிறு குலுங்கச் சிரிக்கும்" என்றார் தறிகாரத் தோழர் ஒருவர். கைதட்டல் எழுந்தது. எழுதித் தரும் பொறுப்பு, பள்ளி ஆசிரியன் என்ற ஒரே குற்றத்துக்காக, என் தலையில் வந்து விழுந்தது.

எழுதினேன், ஒரே இரவில் எழுதினேன். ஒலிபெருக்கியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமறுக்கும் முருகன். அறுபது வயதில் பதினாறு வயது வள்ளியாக வரும் அம்மையார். குரல் உடைந்த பின்னும் இழுத்துக்கொண்டே போகும் நாரதர். வேர்வையில் கரைந்து வழியும் அரிதாரம். படித்துக் காட்டியபோது சிரித்தார்கள், சிரித்தார்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர். எங்கள் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் சொல்லித்தர வருகிற பெரியவர். நாற்பது ஆண்டுகள் தென்பாண்டிச் சீமையின் கோவில் கொடைகளில், விடிய விடிய, இதே வள்ளி திருமணத்தில் நடித்தவர்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. சிரிச்சுட்டுப் போறவங்க, அடுத்த கொடைக்கு எங்களைக் கூப்பிடுவாங்களா?"

அவ்வளவே கேட்டார். கோபம் இல்லை அந்தக் குரலில். ஆனால் என் கையிலிருந்த தாள் கனத்தது.

புகழ்பெற்ற இசை நாடகம் ஒன்றை ஒரு சிறு குழு நையாண்டி செய்யலாமா என்னும் கேள்வி, பார்வைக்கு விளையாட்டுக் கேள்வி. "கூடவே கூடாது, பெரியோர் படைப்பைத் தொட நீங்கள் யார்?" என்பார் ஒரு சாரார். "எதையும் செய்யலாம், கலைக்குக் கடிவாளம் எதற்கு?" என்பார் மற்றொரு சாரார். இரண்டுமே எளிய விடைகள். எளிதாக இருப்பதாலேயே எனக்கு அவற்றில் ஐயம்.

முதற் சாராரை முதலில் பார்ப்போம். தொடக்கூடாத படைப்பு என்று ஒன்று இந்த நாட்டில் என்றைக்கு இருந்தது? நந்தனார் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் வாக்கில் அது வெறும் ஒரு பெயர். நம்பியாண்டார் நம்பி கையில் ஒரு பாட்டு. சேக்கிழார் அதை ஒரு புராணமாக வளர்த்தார். அந்தப் புராணத்தில் நந்தனை அடக்கி ஆளும் பண்ணையார் கிடையாது. ஒரே இரவில் நாற்பது வேலி நிலத்தை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று விரட்டும் வேதியர் கிடையாது. அந்த வேதியரைப் படைத்தவர், 19ஆம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். படைத்தபோது பாராட்டா கிடைத்தது? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பிழை மலிந்த நூல் என்று, சிறப்புப் பாயிரம் தர முதலில் மறுத்தார். பின்னர் அந்தப் பாட்டுகளைக் காதாரக் கேட்டு, உள்ளம் உருகி, பாயிரம் தந்தார் என்பதைப் பதிவு செய்திருப்பவர் அவருடைய மாணவரான உ.வே. சாமிநாதையர். இன்று 'தொடாதே' என்று காவல் நிற்கிறார்களே சிலர், அவர்கள் காக்கும் மூலமே ஒரு காலத்தில் துணிந்து தொட்டவர் ஒருவரின் கைவண்ணம்!

அந்தக் கீர்த்தனை காலட்சேப மேடைகளை ஆண்டது. திரைக்கும் தாவியது. 1935இல் ஆண் வேடமிட்டு நந்தனாக நின்றார் கே.பி. சுந்தராம்பாள்; அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்று நாடே வியந்தது. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. தண்டபாணி தேசிகர் பாடினார். பட்டிதொட்டியெங்கும் அந்த மெட்டுகள். மக்கள் அழுதார்கள். நந்தனுக்காக அழுதார்கள்; அழுது முடித்து வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையிலும் சேரி இருந்த இடத்திலேயே இருந்தது.

அழுகை செய்யாத வேலையைச் சிரிப்பிடம் ஒப்படைத்தார் ஒருவர். நாகர்கோவிலுக்கு அருகே ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, வில்லுப்பாட்டு மேடையில் வளர்ந்த என்.எஸ். கிருஷ்ணன். நந்தனார் காலட்சேபத்தின் நடை, உடை, சப்ளாக்கட்டை, மெட்டு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார். கதையை மட்டும் மாற்றினார். நந்தனார் 'கிந்தனார்' ஆனார்! அறிஞர் அண்ணாவின் எழுத்தில் 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம்பெற்றது. நந்தன் ஏங்கியது சிதம்பரத்துக்கு. கிந்தன் ஏங்குவது பட்டணத்துப் படிப்புக்கு. நந்தன் தீயில் இறங்குகிறான். கிந்தன் இரயிலில் ஏறுகிறான். நந்தன் பூணூல் துலங்க முனிவனாக எழுகிறான். கிந்தன் கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான்.

இதில் கேலிக்கு ஆளானவர் யார்? நந்தனா? இல்லை. பாரதியாரா? இல்லை. அந்த இசையா? இல்லவே இல்லை; அந்த இசை இல்லாமல் கிந்தனாருக்கு மூச்சே இல்லை. ஒரு மனிதன் கோவிலுக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் அவன் வெந்து, உருமாறி, வேறொரு சாதிக்காரனைப் போலத் தோன்றியாக வேண்டும் என்கிற அந்த நிபந்தனை இருக்கிறதே, சிரிப்பு விழுந்தது அதன்மேல். தீக்குளித்துத்தான் தூய்மை பெற வேண்டுமா என்று நேரே கேட்டிருந்தால் கல் வீசியிருப்பார்கள். இரயில் வண்டியின் ஓசையில் கேட்டார், கைதட்டினார்கள்.

அப்படியானால் நையாண்டி எல்லாமே நல்லது என்று இரண்டாம் சாராருக்குக் கொடி பிடிக்கலாமா? அவர்கள் உடனே எம்.ஆர். ராதாவை முன்னிறுத்துவார்கள். முன்னிறுத்தத் தக்கவர்தாம். 1954இல் அவர் இராமாயணத்தை மேடையேற்றினார். மாற்றார் அதைக் 'கீமாயணம்' என்றார்கள். தடை, கைது, கலவரம் என்று நாடெங்கும் அமளி. அந்த ஆண்டே சென்னை அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டு வந்தது. எழுதிய நாடகத்தை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டி இசைவு பெறும் நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 'பரீக்‌ஷா' என்னும் சிறு நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஆகவே சட்டம் இன்று எங்கள் பதினோரு பேரின் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. வள்ளி திருமணம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் சட்டம் தடுக்காதது எல்லாம் செய்யத்தக்கது ஆகிவிடுமா?

ராதா யாரை எதிர்த்து நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். அரசையும் ஆலயத்தையும் ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தையும் எதிர்த்து நின்றார். அடி வாங்கும் நிலையில் நின்று அடித்தார். நான் ஓர் இரவில் எழுதினேனே, அந்தத் தாளில் நான் யாரை அடித்தேன்?

வள்ளி திருமணம் ஒரு காலத்தில் மாபெரும் புகழ் நாடகம்தான். எங்களுக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1920களில் அதைப் பாடிய மேடைகளில் கூட்டம் அலைமோதியது. 1933இல், முப்பது வயதுகூட நிரம்பாமல், கிட்டப்பா மறைந்தார். இன்று அந்த நாடகம் யார் கையில் இருக்கிறது? 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில், ஊர் ஊராகப் போகும் தனித்தனிக் கலைஞர் கையில். முருகன் ஓர் ஊரிலிருந்து பேருந்தில் வருகிறார். வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருகிறார். ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். கொடைக் காலம் முடிந்தால் வேறு கூலி வேலை. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் திருவிழாக்கள் நின்றபோது, முருகனுக்கும் பசித்தது, வள்ளிக்கும் பசித்தது. நான் கேலி செய்த உடைந்த குரல், அந்தக் குரலுக்குரியவரின் ஒரே நிலம், ஒரே தறி. நாடகம் பெரியது, நடிப்பவர் எளியவர். பெரியதை அடிப்பதாக எண்ணிக்கொண்டு எளியவரை அடித்திருக்கிறேன். பெரியவரின் கேள்விக்கு இதைத் தவிர வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாடகத்துக்குள்ளேயே ஒரு பபூன் இருக்கிறார். முருகன் வருமுன் வந்து, ஊர்ப் பெரியவரையும் உடன் நடிப்பவரையும், ஏன், நாடகத்தையுமே கிண்டலடித்துவிட்டுப் போகிறார். அரிதாரத்தைக் கேலி செய்யும் உரிமையை அந்தக் கலைஞர்கள் தாமே எடுத்து, தாமே செலவிட்டுவிடுகிறார்கள். நான் எழுதியது அந்தப் பபூனுக்கு முன்னால் பழங்கஞ்சி.

தாளைக் கிழித்துவிட்டு, 'வேண்டாம், வேறு நாடகம்' என்று சொல்ல எழுந்தேன். அப்போது எங்கள் குழுவிலுள்ள பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்:

"சார், வள்ளிதான் மாட்டேன்னு சொல்லிட்டாளே. அப்புறம் யானை எதுக்கு?"

எத்தனை முறை பார்த்த நாடகம்! எத்தனை முறை கேட்ட கதை! வேடனாக வருகிறான், மறுக்கிறாள். வேங்கை மரமாக நிற்கிறான். கிழவனாக வருகிறான், தேனும் தினைமாவும் தின்கிறான், மீண்டும் கேட்கிறான், மீண்டும் மறுக்கிறாள். அதன் பிறகு அண்ணனை நினைக்கிறான், யானை வருகிறது, அவள் அலறுகிறாள், அஞ்சி வந்து அவனையே கட்டிக்கொள்கிறாள், மங்கலம் பாடுகிறார்கள். மறுத்த பெண்ணை அச்சுறுத்திச் சம்மதம் வாங்கும் இந்தக் காட்சிக்குத்தான் கூட்டம் சிரிக்கிறது. தாய்மார் சிரிக்கிறார்கள், மடியில் இருக்கும் பெண் குழந்தையும், தாய் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறது. பையன்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் 'மாட்டேன்' என்றால் அது முடிவல்ல, யானையை அழைக்கவேண்டிய நேரம் என்று படித்துக்கொண்டு போகிறார்கள். யானை வராத ஊரில் அந்த வேலையைச் செய்ய ஆயிரம் வழிகள் இருக்கின்றன. தெருமுனையில் பின்தொடரும் மோட்டார் சைக்கிள் அவற்றில் ஒன்று. வகுப்பறைக்கு வராமல் நின்றுபோகும் பெண் பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் அடித்துவிடுகிற ஆசிரியனுக்கு இது கற்பனையன்று.

கதை வேறு விதமாகவும் சொல்லப்படுகிறது என்பார்கள் அன்பர்கள்: வள்ளி முற்பிறப்பிலேயே முருகனை வேண்டித் தவமிருந்தவள், அவள் மறுப்பு அறியாமையின் மறுப்பு, யானை வெறும் திருவிளையாடல். இருக்கட்டும். முற்பிறப்பில் 'ஆம்' என்றவள் என்று சொல்லி இப்பிறப்பின் 'இல்லை'யைத் தள்ளிவிடுவது, கேட்கவே எத்தனை வசதியாக இருக்கிறது!

நகைச்சுவை பிறக்கும் நிலைக்களன்களை எண்ணிய தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். பிறரை எள்ளிச் சிரிப்பதும் நகை. பிறர் நம்மை எள்ளும்போது எழுவதும் நகை என்று உரைகாரர்கள் விரித்தார்கள். என் முதல் தாளில் முதல் வகை மட்டுமே இருந்தது. யானையை எள்ளத் தொடங்கினால், அந்தக் காட்சிக்கு இதுவரை சிரித்த நானும் அதில் அகப்படுகிறேன். மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் அகப்படுகிறோம்.

இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். மெட்டுகள் சங்கரதாஸ் சுவாமிகள் மரபின் மெட்டுகளே. ஒன்றைக்கூடக் கெடுத்துப் பாடுவதில்லை என்று முடிவு. காரணம் உண்டு. மூலத்தை அறியாதவருக்கு நையாண்டி விளங்காது. என் வகுப்பில் நந்தனார் யார் என்று கேட்டேன்; இரண்டு கைகள்தாம் உயர்ந்தன. இவர்களுக்குக் கிந்தனாரை எப்படிப் புரியவைப்பது? ஆகவே முதல் அரைமணி நேரம் உண்மையான வள்ளி திருமணமே நடக்கும், பெரியவரே நாரதராகப் பாடுவார், கூலியும் உண்டு. குழுவின் கையிருப்பில் பாதி அதற்கே போய்விடும் என்று கணக்கெழுதும் தோழர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

பெரியவரிடம் புதிய தாளைப் படித்துக் காட்டினேன். யானை வருகிறது, வள்ளி ஓடவில்லை. துதிக்கையைத் தடவிக் கொடுத்து, "பாவம், உன்னை ஏன் அழைத்தான்?" என்று யானையிடமே கேட்கிறாள். பிறகு முருகனிடம் திரும்பி, "நான் சொன்னது காதில் விழவில்லையா?" என்கிறாள். அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை ஒரு முறை இழுத்து விட்டார்.

"நாப்பது வருசமா அந்த யானைக்குப் பின்னாலே நின்னு நானும் பிளிறியிருக்கேன் தம்பி" என்றார். "அந்த இடத்துல அவளுக்கு ஒரு பாட்டு வேணுமே. முருகனுக்குப் பதினெட்டுப் பாட்டு இருக்கு."

அந்தப் பாட்டை மாணவியும் பெரியவரும் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முருகன் என்ன பதில் சொல்கிறான் என்பதை இன்னும் நான் எழுதவில்லை. முருகன் வேடம் போடுகிற தறிகாரத் தோழர், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குள் வேண்டும் என்று தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.