துணையும் கடப்பாடும்

பல்கலைக்கழகம் என்பது அறிவைத் தேடுவோரின் கூட்டு. அங்கு புகுவோரைச் சாதி, சமயம், மொழி, ஊர் என்பவற்றால் அளவாது, அறிவு நாட்டத்தால் மட்டுமே அளத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஆயினும், புகுபவர் வெறும் அறிவாகப் புகுவதில்லை. பசியோடும் மொழியோடும் ஊர் நினைவோடுமே புகுகின்றார். அவர் பெரும்பான்மை இனத்தவராயின் இவை எவர் கண்ணுக்கும் புலப்படா. சிறுபான்மையினராயின், தங்குவதற்கு அறை எங்கே, அலுவலகத்துக்கு எம்மொழியில் எழுதுவது, இடர் நேரின் எவரிடம் முறையிடுவது என ஒவ்வொன்றும் வினாவாக எழுந்து நிற்கும். இவ்வினாக்களுக்கு விடை காண உதவுதல் எவருடைய பொறுப்பு? பல்கலைக்கழகத்தினதா, அன்றி அம்மாணவரின் சொந்தச் சமூகத்தினதா? ஈண்டு ஆராயப்படுவது இந்த அறவியல் வினாவேயாகும்.

இலங்கையில் உயர்கல்வி பற்றிய தமிழரின் சிந்தனை பெரும்பாலும் வாயிலளவிலேயே நின்றுவிட்டது எனலாம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகளும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் தகுதி எல்லையாக வகுக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்து மாணவர் பலருக்கு வாயிலை அடைத்தது; அதேவேளை, கல்வியிற் பின்தங்கிய வேறு தமிழ் மாவட்டங்களின் மாணவர் சிலருக்கு அதனைத் திறந்தும் விட்டது. இவ்விவாதத்தின் வெம்மையிலே, வாயிலைக் கடந்து உட்சென்றவரின் நிலை யாது என்ற வினா உரிய கவனத்தைப் பெறவில்லை. அனுமதி ஒருநாளில் முடியும் காரியம். கற்றலோ சில ஆண்டுக்கால வாழ்க்கை.

கொழும்பைப் பொறுத்தவரை அவ்வாழ்க்கை பெரிதும் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் சார்ந்தே அமைந்துள்ளது. வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளிலிருந்து தலைநகருக்குக் கற்க வரும் தமிழ் மாணவர் பலர், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே அறை தேடுவர். கோயில்களும் தேவாலயங்களும் சூழ்ந்த கொட்டாஞ்சேனையை நாடுவோரும் உளர். மாமன் வீடு, பழைய மாணவர் சங்கத்து அண்ணர் ஒருவரின் அறிமுகம், ஊரவர் ஒருவரின் கடை என்பனவே முதற்றுணை. இவற்றுக்கு அப்பால் நிறுவனங்களும் தோன்றின. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த சபை 1902 முதல் இயங்கி வருகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான அதே 1942 இல் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் தோன்றியது. வெள்ளவத்தையிலுள்ள அதன் நூலகம், தமிழ் நூல் தேடுவோருக்குப் பெருந்துணையாகும். 1983 யூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பாடசாலைகளும் கோயில்களும் அகதிகளுக்குப் புகலிடமாயின. அதன் பின்னரும் அவ்வொழுங்கைகளுக்கு மாணவர் மீண்டும் வந்தனர் எனின், அத்துணையின் வலிமையைத் தனியாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு தம்மவருள் ஒதுங்குதல் பல்கலைக்கழகத்தின் பொதுமைக்கு முரணாகாதா எனச் சிலர் வினவுவர். மேற்போக்காக நோக்கின் இவ்வினா நியாயமானதே. ஆயினும் வரலாறு வேறுவிதமாகப் பேசுகின்றது. இலண்டனில் 1925 இல் மேற்கு ஆபிரிக்க மாணவர் சங்கம் நிறுவப்பட்டது. நிறத்தைக் காட்டி வாடகை அறைகள் மறுக்கப்பட்ட நகரில், அச்சங்கம் 1933 இல் தனக்கென ஒரு விடுதியைத் திறந்தது. அம்மாணவர் பொதுமையை வெறுத்து ஒதுங்கவில்லை. பொதுக் கதவு திறவாதபோது தமக்கு ஒரு கதவை அமைத்துக்கொண்டனர். ஒதுங்கியவரைக் குறை கூறுமுன், ஒதுக்கியது யாது என வினவுதலே முறையாகும்.

எனினும், தம்மவர் தரும் துணை நல்லதென்று நிறுவுவதோடு வினா தீர்ந்துவிடாது. அத்துணை போதுமானதா என்பதே அடுத்து எழும் வினா. வள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டையும் இரு வேறு அதிகாரங்களாக வகுத்தமை ஈண்டு நோக்கற்பாலது. ஈகை வறியவருக்குக் கொடுப்பது. கொடுப்பவரின் நெஞ்சத்து ஈரத்தைப் பொறுத்தது. ஒப்புரவோ கைம்மாறு கருதாத கடப்பாடு. பொதுவாழ்வின் நெறியாகவே பேசப்படுவது. மேலைநாட்டு மெய்யியலாளர் இமானுவேல் கான்ற், கடமைகளை நிறைவானவை, நிறைவற்றவை என வகுத்தார். பிறருக்கு உதவுதல் அவருடைய வகுப்பிலே நிறைவற்ற கடமை. எவருக்கு, எப்போது, எவ்வளவு என்பது கொடுப்பவரின் தெரிவுக்கு விடப்பட்டது. உறவினரும் ஊரவரும் செய்யும் உதவி எத்துணை உயர்ந்ததாயினும் இவ்வகையைச் சார்ந்ததே. அதனைப் பெறுபவர் நன்றி கூறலாம். உரிமையோடு கேட்டல் இயலாது.

இவ்வேறுபாடு ஏட்டளவானது அன்று. சமூகத்தின் துணை உறவின் வழியிலும் ஊரின் வழியிலுமே பாய்கின்றது. பழைய பாடசாலையின் பெயரும், வெளியே சொல்லப்படாத சாதியின் பெயரும் அதன் வாய்க்கால்களாகின்றன. வெள்ளவத்தையில் மாமன் இல்லாதவர் யார்? தோட்டத்து லயன் அறையிலிருந்து முதன்முறையாகப் பல்கலைக்கழகம் புகும் மலையக மாணவி. போரில் குடும்பத்தை இழந்த வன்னி மாணவன். தமிழே பேசியும் தமிழர் வட்டத்துள் தயங்கி நிற்கும் முஸ்லிம் மாணவர். துணை மிகுதியாக வேண்டுபவர் எவரோ, அவரிடமே அது குறைவாகச் சென்றடைகின்றது. இதற்குத் தனிமனிதரின் கன்னெஞ்சம் காரணமாக வேண்டியதில்லை. நல்லெண்ணம் தான் அறிந்த முகங்களையே முதலில் நாடும் என்பது அதன் இயல்பு.

நல்லெண்ணத்துக்கு வேறொரு குறையும் உண்டு. அதிகாரத்தின் முன் அது நிற்கமாட்டாது. 2007 யூன் 7 ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர், கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லையெனக் கூறப்பட்டுப் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். வவுனியாவரை பலர் கொண்டு செல்லப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மீது உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. லொட்ஜ் நடத்துநர் எவ்வளவு நல்லவராயினும் அன்று தம் விருந்தினரைக் காத்திருக்க இயலாது. அச்செயலைத் தடுத்து நிறுத்தியது சட்டத்தின் வழிவந்த ஆணையே. அன்பு தரும் அறைக்கும் உரிமை தரும் அறைக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

இக்குறை பட்டமேற்படிப்பு மாணவரிடத்தே இன்னும் கூர்மையடைகின்றது. பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்புத் தோழரேனும் உண்டு. ஆய்வு மாணவரோ நூலகத்திலும் தம் அறையிலும் தனித்திருப்பவர். அவருடைய கல்வி வாழ்வு முழுவதும் மேற்பார்வையாளர் ஒருவரின் மனப்பாங்கிலே தங்கியிருத்தல் கூடும். தமிழில் உள்ள மூலங்களை ஆராய்ந்து வேறு மொழியில் ஆய்வேட்டை எழுதுபவருக்கு, தம் பொருளை உடனிருந்து உரையாட ஒருவர் கிடைப்பதே அரிது. வெள்ளவத்தை அவருக்கு அறையும் சோறும் தரலாம். ஆய்வு வழிகாட்டலையும் நீதியான மதிப்பீட்டையும் தர இயலாது. அவை பல்கலைக்கழகம் மட்டுமே செலுத்தக்கூடிய கடன்கள்.

ஐக்கிய அமெரிக்காவிலே, சான் பிரான்சிஸ்கோ அரச கல்லூரியின் கறுப்பின, ஆசிய, இலத்தீன் அமெரிக்க, பழங்குடி மாணவர் 1968 நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். தம் சமூகத்தவர் தமக்கு உதவவில்லை என்பது அவர்தம் முறைப்பாடு அன்று. தம் வரலாறும் தம் ஆசிரியரும் கல்லூரியின் உள்ளமைப்பில் இடம்பெறல் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. 1969 இல் அங்கு இனக்குழும ஆய்வுகளுக்கெனத் தனிப் பிரிவொன்று உருவானது. துணையை இரந்து நிற்பதற்கும் கடனைக் கேட்டு நிற்பதற்கும் உள்ள தொலைவை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இத்தகைய கடப்பாடு இலங்கைக்குப் புதியதும் அன்று. 1945 இன் இலவசக் கல்வித் திட்டமும், 1981 இன் மகாபொல புலமைப்பரிசிலும் உதவியை விதியாக மாற்றியவை. மகாபொல பெறும் மாணவர் எவர் முகத்தையும் நோக்கித் தலை தாழ்த்த வேண்டியதில்லை; தகுதி இருப்பின் பணம் அவருடையது. இவ்விதிமுறையை ஏனைய தேவைகளுக்கும் விரித்தல் வேண்டும். தூரத்து மாவட்டத்து மாணவருக்கும் ஆய்வாளருக்கும் விடுதி இடம் விதிப்படி கிடைத்தல், நிருவாகக் கடிதம் தமிழிலும் வருதல், முறைப்பாட்டைத் தமிழிற் கேட்டுப் பதிவு செய்ய ஒருவர் இருத்தல் என்பன பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. தமிழ் 1987 முதல் அரசகரும மொழியாயிருக்க, அதனைச் சலுகையாகக் கேட்கும் நிலையே முறையற்றது.

அவ்வாறாயின் சமூகத்துக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் செய்யத்தக்கது எஞ்சாதா? எஞ்சும். விதி அறையைத் தரும். அவ்வறையில் நோயுற்றுக் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுவரும் தோழரைத் தாராது. உரிமை தர இயலாத உறவைத் தருதலே சங்கத்தின் தனிப்பணி. அப்பணியை நேர்மையாகச் செய்ய விரும்பும் சங்கம், உறுப்பினர் எத்தனை பேர் என எண்ணுவதோடு அமையாது, இன்னும் உள்ளே வராதவர் எவர் என்பதையும் ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகம் தன் கடனைச் செலுத்தாதவரை அதனைக் கேட்டு நிற்பதும் அச்சங்கத்தின் பணியே. சமூகத்தின் ஈகையைக் காட்டிப் பல்கலைக்கழகம் தன் கடனிலிருந்து விலகுதலும், பல்கலைக்கழகத்தின் குறையைக் காட்டிச் சமூகம் தன் சுருங்கிய வட்டத்தை நியாயப்படுத்தலும் ஒருசேரத் தவறாகும். இவ்விரண்டுக்கும் இடையே நசுங்குபவர், வெள்ளவத்தையில் எவரையும் அறியாது, ஒரு பெட்டியோடு கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கும் மாணவரே. அவருக்கு உரியதை அவர் கேளாமலே கொடுக்க வல்லதா என்பதைக் கொண்டே பல்கலைக்கழகமும் மதிக்கப்படும், சங்கமும் மதிக்கப்படும்.